தேன் பக்கெட்டுக்குள் இருப்பது தேன் மட்டுமா?



ஊர் வட்ஸ்அப் குறூப்புகளில் மையித்து அறிவித்தலுக்கும் இரத்தம் தேவை என்ற மெசேஜுக்கும் நடுவில் இப்போது தேன் விளம்பரமும் வந்து விழுகிறது. முழுக்க இயற்கையாம், சுன்னத்தான வைத்தியமாம். ஒரு சின்னப் பக்கெட் குடித்தால் கொஞ்ச நேரத்தில் ஆண்மைக்குறைவு பறந்துவிடுமாம்.

தேனில் ஷிபா உண்டு என்று குர்ஆன் சொல்கிறது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மணித்தியாலத்துக்குள் இந்த வேலையைச் செய்வது தேனல்ல, காக்காமாரே. 2022இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இப்படி விற்கப்பட்ட தேன்களைப் பரிசோதித்தபோது, லேபலில் இல்லாத சில்டெனாபிலும் தடலாபிலும் அகப்பட்டன. டொக்டர் எழுதித் தரும் அதே மருந்துகள்தான். எத்தனை மில்லிகிராம் என்பது மட்டும் குடிப்பவருக்குத் தெரியாது. மார்க்கத்தின் பெயரால் நடக்கும் இந்தக் களவுக்கு நாம் ஏன் வாய்மூடி இருக்கிறோம்?

நெஞ்சு வருத்தத்துக்கு நாக்குக்கடியில் வைக்கும் குளிசையோடு இவை சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக விழும். உயிரே போகலாம். சில்டெனாபில் என்றால் குறைந்தது 24 மணித்தியாலம், தடலாபில் என்றால் 48 மணித்தியாலம் இடைவெளி வேண்டும். குளிசை போட்டவர் ஆஸ்பத்திரியில் கேட்கும்போது வெட்கத்தோடாவது சொல்லுவார். தேன் குடித்தவர் "ஒரு மருந்தும் எடுக்கல்ல டொக்டர்" என்பார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யுமல்ல.

"எது பவர் கூட?" என்று கேட்கிறார்கள். கேள்வியே பிழை. வேலை செய்வதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 1998இல் வந்த சில்டெனாபில் நாலைந்து மணித்தியாலம் நிற்கும்; கொழுப்பான புரியாணிக்குப் பிறகு போட்டால் தாமதமாகும். தடலாபில் 36 மணித்தியாலம் வரை நிற்கும். சாப்பாடு அதற்குத் தடையில்லை, சிலருக்குத் தினமும் சிறிய அளவில் கொடுப்பார்கள். ஒன்றில் தலையிடி கூட, மற்றதில் முதுகு வலி. ஆசையை எதுவும் உண்டாக்காது. யாருக்கு எது என்பதை உங்கள் சீனியையும் பிரஷரையும் நீங்கள் எடுக்கும் மற்றக் குளிசைகளையும் பார்த்து டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. ஆணுறுப்புக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் இதயக் குழாயை விடச் சிறியது. அடைப்பு வந்தால் பலருக்கு முதலில் அங்கேதான் தெரியும். அந்த அறிவித்தலைத்தான் தேன் பக்கெட் மூடி மறைக்கிறது.

உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள் பெண்களின் குளிப்புக் கடமை பற்றி நபி (ஸல்) அவர்களிடமே நேராகக் கேட்டார்கள். நமக்கோ டொக்டரிடம் கேட்க வெட்கம், பக்கெட் வாங்க வெட்கமில்லை.

அட்மின்மாரே, இந்த விளம்பரங்களை இன்றே நீக்குங்கள். விற்பவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிந்த இலக்கம் எங்கே?