போரை வகுப்பறையில் படிப்பிக்கத்தான் வேண்டும்

போர் பற்றிய பேச்சைப் பாடசாலைக்குள் விடக்கூடாது என்பது கொழும்பில் மட்டுமல்ல, வன்னியிலும் பலர் சொல்லும் கருத்து. நல்லெண்ணத்தோடு சொல்பவர்களும் உண்டு. ஆனால், அவர்கள் காட்டும் காரணங்களில் ஒன்றுகூட நிலைக்காது.

"ஆறுகிற புண்ணைக் கிளறாதீர்கள்."

முல்லைத்தீவுப் பிள்ளை போரை அறியப் பாடநூல் தேவையில்லை. போர் முடிந்த 2009இல் புதுமாத்தளன் பாடசாலைதான் ஆஸ்பத்திரியாக இயங்கியது. புதுக்குடியிருப்பில் இராணுவத்தின் வெற்றிச் சின்னம் நிற்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் தெருவில் இருந்து போராடுகிறார்கள். இத்தனையையும் பார்த்தும் கேட்டும் வளர்கிற பிள்ளை "ஏன்?" என்று கேட்கும். ஆசிரியர் பதில் சொல்லாவிட்டால் கைபேசி சொல்லும். அதில் வருவது பாதி பொய்.

"இனப்பகை வளரும்."

1983 ஜூலையில் தமிழரின் வீடுகளுக்குத் தீ வைத்தவர்கள் யாரும் போரைப் பாடமாகப் படித்தவர்கள் அல்லர். பகைக்குப் பாடநூல் தேவைப்படவில்லை. வட அயர்லாந்தில் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்துப் பிள்ளைகள் தங்கள் மண்ணின் மோதல் வரலாற்றை, 1965 முதல் 1998 வரையான காலத்தை, பாடசாலையில் படித்துப் பரீட்சையும் எழுதுகிறார்கள். நம் நாட்டில் வரலாறு சாதாரண தரத்தில் கட்டாயப் பாடம். மன்னர்களின் போர்களைப் படிக்கும் பிள்ளைக்குத் தன் பெற்றோர் தப்பி வந்த போருக்கு ஒரு பாடம் இல்லை.

"ஆசிரியர் ஒருபக்கம் சாய்வார்."

சாயாமல் படிப்பிக்க வழி இருக்கிறது. 2006 ஆகஸ்ட் 14இல் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் விமானப்படை குண்டு வீசியது. அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசு. இறந்தவர்கள் பாடசாலை மாணவிகள் என்றனர் ஊரவர்கள். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவும் யுனிசெப்பும் நேரில் போய்ப் பார்த்தன. யார் என்ன சொன்னார், எதை ஆதாரமாகக் காட்டினார் என்று பிள்ளைகளே ஆராயட்டும். அதே வகுப்பில், இதே முல்லைத்தீவு மாவட்டத்தின் கென்ற், டொலர் பண்ணைகளில் 1984இல் புலிகள் சிங்களக் குடியேற்றவாசிகளைக் கொன்றதும், 1990இல் வடக்கு முஸ்லிம்களை விரட்டியதும், சிறுவர்களைப் படையில் சேர்த்ததும் பேசப்பட வேண்டும். நமக்கு நோகும் பக்கங்களை மறைத்துவிட்டு மற்றவரிடம் உண்மை கேட்க முடியாது.

"யாரும் தடை போடவில்லையே."

எழுதிய தடை வேண்டியதில்லை. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வளர்ந்த பயம் போதும். 2024 மே மாதம் சம்பூரில், போரில் இறந்தவர்களை நினைவுகூர்ந்து முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கிய பெண்களையே கைது செய்தார்கள். அதைக் கண்ட ஆசிரியர் எந்தத் துணிவில் வாய் திறப்பார்? பயத்தால் வரும் மௌனமும் தணிக்கைதான்.

2009இல் பிறந்த பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு வரும் வயதை எட்டிவிட்டார்கள். இன்னொரு தலைமுறையையும் இப்படியே அனுப்பிவிடக் கூடாது. தேசிய கல்வி நிறுவகம் மூன்று சமூகத்து ஆசிரியர்களையும் ஒன்றாக இருத்தி இந்தப் பாடத்தை எழுத வேண்டும். அதைப் படிப்பிக்கும் ஆசிரியருக்குக் கல்வி அமைச்சு எழுத்தில் பாதுகாப்புத் தர வேண்டும். பெற்றோரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் இதைக் கேளுங்கள்.