வெண்பாவின் அடுக்களை

கைபேசியைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடலாமா என்று தாய்மார் பலர் நம்மிடம் கேட்டதுண்டு. விடுமுறை தொடங்கிவிட்டால் இந்தக் கேள்வி ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலிலேயே எழும். சுடுவதும் துரத்துவதுமான விளையாட்டுகளை மட்டும் கண்டிருந்த நாமும் அவர்களுக்குத் தலையசைத்தே வந்தோம். ஆனால் கோட்டையூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் அண்மையில் கழிந்த ஒரு மாலைப்பொழுது நம்மைச் சற்று நிதானிக்கச் செய்தது. அதனை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நமக்கு நெடுநாள் பழக்கமான குடும்பம் அது. மகன் ஆஸ்திரேலியாவில் பணிபுரிகின்றார். மருமகளும் பன்னிரண்டு வயதுப் பேரனும் ஒரு மாத விடுப்பில் வந்திருந்தனர். பேரன் கையகலக் கருவியொன்றை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். அருகே அப்பத்தா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அதே திரையை உற்று நோக்கிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு பெண் இட்டிலி அவித்துக்கொண்டிருந்தாள்!

‘வெண்பா’ என்பது அவ்விளையாட்டின் பெயர். கனடாவின் டொரான்டோ நகரில் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறு நிறுவனம் உருவாக்கி, 2023 ஜூலை 31ஆம் நாள் வெளியிட்டது. வடிவமைத்த அபி என்பவர் தமிழர். கணினியிலும், தொலைக்காட்சியோடு இணைக்கும் பெட்டிகளிலும், நின்டெண்டோ ஸ்விட்ச் என்னும் கையடக்கக் கருவியிலும் இதனை ஆடலாம். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு ‘முதற்படைப்பு’ப் பிரிவில் இதற்கு விருது வழங்கியது, அதே ஆண்டு தன்னுரிமை விளையாட்டுகளுக்கான விழாவில் முதற்பெரும் பரிசும் இதற்கே கிட்டியது.

இதில் சண்டை இல்லை; மதிப்பெண் இல்லை. உரையாடலும் சமையலுமே உண்டு. 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய இளந்தம்பதியர் வெண்பாவும் பாவலனும். அவர்களுக்குக் கவின் என்றொரு மகன் பிறக்கின்றான். யாப்பின் பெயரைத் தாய்க்கும், கவிஞனைக் குறிக்கும் பெயரைத் தந்தைக்கும், அழகைக் குறிக்கும் சொல்லை மகனுக்கும் சூட்டிய நயத்தை வெளிநாட்டார் எத்தனை பேர் உணர்ந்திருப்பார்களோ, நாமறியோம். வெண்பாவிடம் அவளுடைய தாயின் சமையற்குறிப்பேடு ஒன்று இருக்கின்றது. அது கிழிந்தும் கறைபடிந்தும் போனது. பாதி அழிந்த அக்குறிப்புகளிலிருந்து எஞ்சியதை ஊகித்துச் சமைத்து முடிப்பதே ஆடுவோரின் வேலை. இடையிடையே குடும்பத்தார் பேசிக்கொள்கின்றனர். வெண்பா என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சில இடங்களில் நாமே தெரிவு செய்யலாம்.

பழைய ஏடுகளைப் பற்றிப் பேச்சு வருகையில் கோட்டையூரார் தலைநிமிர்ந்துதான் அமர்வர். அவ்வூர் ரோஜா முத்தையா தம் வீட்டிலேயே பல்லாயிரம் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்துக் காத்தார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் அச்செல்வம் சென்னைக்குச் சென்று ஆராய்ச்சி நூலகமாயிற்று. கிழிந்த தாளின் அருமையை அறிந்த ஊரில், கிழிந்த குறிப்பேட்டைப் பற்றிய ஒரு விளையாட்டைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

விளையாட்டை முடித்துவிட்டுத் திண்ணையில் இருந்தவர்கள் சொன்ன கருத்துகளே நம்மைப் பெரிதும் கவர்ந்தன. முதலில் பேரன். “ரொம்பச் சின்னது” என்றான் ஆங்கிலத்தில். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றதாம். கொடுத்த பணத்திற்குக் கட்டுப்படியாகாதாம். உலகெங்கும் இதனை ஆடியவர்களிற் பலர் இதே குறையைச் சொன்னதுண்டு. (நமது மறைக்கல்வி வகுப்பு ஒரு மணி நேரந்தான். அதை நீளம் என்பவனும் இதே வயதுப் பிள்ளைதான்.)

அடுத்த வீட்டு இளைஞர் காரைக்குடிக் கல்லூரி ஒன்றில் பயில்பவர். அவருடைய குறை வேறு. “வெண்பா எந்தப் பதிலைச் சொன்னாலும் கதை மாறுவதில்லை, பிறகு எதற்கு நம்மைத் தெரிவு செய்யச் சொல்கின்றார்கள்?” என்றார். இதற்கு மாறாகத் தாம் கைபேசியில் ஆடிய மற்றொன்றை எடுத்துரைத்தார். 2017இல் பிரான்சு நாட்டில் உருவான அதன் தலைப்பு, ‘என்னைப் புதைத்துவிடு, அன்பே’ என்னும் பொருளுடையது. கேட்டதும் அப்பத்தா சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். அது சிரியா நாட்டு மக்கள் விடைபெறும்போது சொல்லும் ஒரு வழக்கு. எனக்கு முன்னே நீ போய்விடாதே என்பதே அதன் உட்கருத்து. நூர் என்னும் பெண் போரால் சிதைந்த நாட்டைவிட்டு ஐரோப்பாவை நோக்கிப் புறப்படுகின்றாள். அவள் கணவன் மஜ்த் முதியோரைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கிவிடுகின்றான். ஆடுபவரே அந்தக் கணவர். கைபேசிக்கு வரும் அவளுடைய செய்திகளுக்குப் பதில் அனுப்புவதே ஆட்டம் முழுவதும். அவள் படகில் ஏறிவிட்டால் சில மணி நேரம் செய்தியே வராது, காத்திருக்க வேண்டும். நாம் சொல்லும் ஆலோசனையைப் பொறுத்து முடிவுகள் 19 வகையாக அமையும். அவற்றுள் சில, அவள் கரைசேராத முடிவுகள். “முதன்முறை நான் சொன்ன வழியில் போய்த்தான் அவள் இறந்தாள், இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை” என்றார் அவ்விளைஞர்.

திருத்தந்தை பிரான்சிஸ் தமது பணியின் தொடக்கத்தில், 2013 ஜூலை 8 அன்று, லம்பெதூசா தீவுக்குச் சென்று கடலில் மாண்ட அகதிகளுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். அச்செய்தியைப் படித்து மறந்த நம்மில் பலரைவிட, கைபேசியில் விடிய விடியக் காத்திருந்த இவ்விளைஞர் அக்கடலை நன்கறிவார் என்று தோன்றிற்று. செட்டிநாட்டு முதியோருக்கும் இக்காத்திருப்புப் புதிதன்று. 1942இல் பர்மாவில் குண்டு விழுந்தபோது, அங்கிருந்து வரவேண்டிய கடிதங்கள் நின்றன. நடந்தே எல்லை கடந்து வந்தவர்கள் வாசலில் நிற்கும்வரை, இருப்பாரா இல்லையா என்று அறியாமல் இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் மாதக்கணக்கில் தவித்தன.

ஆயினும் கதை மாறாத வெண்பாவைக் குறைத்து மதிப்பிட நமக்கு மனம் வரவில்லை. பள்ளிக்குப் புட்டு வேண்டாம், பீட்சா வேண்டும் என்று அடம்பிடிக்கும் மகனிடம் தாய் கனிவாகச் சொன்னாலும் கடிந்து சொன்னாலும், அவன் அன்று வெட்கப்படத்தான் போகின்றான். எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் பிள்ளை நம்மைவிட்டு விலகியிருக்கமாட்டான் என்று இரவில் விழித்திருந்து எண்ணும் பெற்றோர் இதனை உடனே புரிந்துகொள்வர்.

அப்பத்தாவின் தீர்ப்பு சமையலைப் பற்றியே தொடங்கிற்று. இட்டிலிக் கொப்பரையில் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும் என்பதைப் பேரன் மும்முறை தவறாகச் செய்ததைப் பார்த்து, “துளையை அடைச்சு வச்சா ஆவி எப்படிய்யா ஏறும்?” என்று அவர்தாம் வழி சொன்னாராம். குழலில் புட்டு அவிப்பதை அவர் ஏற்கவில்லை. தம் வீட்டில் துணியில் கட்டி அவிப்பதே வழக்கம் என்றார். ஆனால் ஓரிடத்தில் அவர் பேச்சு நின்றது. வளர்ந்துவிட்ட மகன் வீட்டுக்கு வருகின்றான் என்று வெண்பா விதவிதமாகச் சமைத்து வைக்கின்றாள், மகன் வருவதில்லை. “அந்தப் பிள்ளை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உலை வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்” என்றார். யாரைச் சொல்கின்றார் என்று எவரும் கேட்கவில்லை. அவர் மகன் கடந்த கிறிஸ்து பிறப்புக்கு வருவதாக இருந்து வராதது திண்ணையில் இருந்த அனைவருக்கும் தெரியும்.

அப்போதுதான், அதுவரை தூணோடு சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த மருமகள் வாய் திறந்தார். “இதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பையனைக் குறை சொல்கிறார்கள், இல்லாவிட்டால் தாயைக் குறை சொல்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை, அத்தை” என்றார். மகன் பள்ளியில் சேர்ந்த புதிதில் ஆசிரியை ஒருவர், பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகின்றது, வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள் என்று அறிவுறுத்தினாராம். அஞ்சிப்போய் அப்படியே செய்தார்களாம். இரவுப் பணி முடிந்து காலையில் வருபவருக்கு உறங்குகின்ற பிள்ளையின் முகந்தான் தெரியும். கிடைத்த அரை மணி நேரத்தில் தமிழ் கற்பிப்பதா, தலைவாருவதா? “அவன் தமிழை நான் வேண்டுமென்றா விட்டேன்?” என்றபோது அவர் குரல் உடைந்துவிட்டது.

இந்தக் கருத்தை எந்தத் திறனாய்விலும் நாம் கேட்டதில்லை. வெளிநாட்டில் வாழும் மக்களைப் பற்றி நாம் இப்பகுதியில் முன்னர் எழுதியவற்றைத் திரும்பப் படித்தால், இத்தகைய தாய்மாருக்கு நாம் நியாயம் செய்யவில்லை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரில் இருந்துகொண்டு ‘தாய்மொழியை மறந்தனர்’ என்று எழுதிவிடுவது எளிது. இங்கேயே, காரைக்குடியிலேயே, வீட்டில் பிள்ளையோடு ஆங்கிலத்தில் பேச முயலும் பெற்றோர் எத்தனை பேர்!

மொழி போனால் அதனோடு வேறு சிலவும் போகின்றன. 2018 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தபோது, விசுவாசம் வீட்டின் பேச்சு வழக்கிலேதான், பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் பேசும் மொழியிலேதான் கையளிக்கப்படுகின்றது என்ற கருத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் வலியுறுத்தினார். 2020ஆம் ஆண்டு உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளும் கதை சொல்லுதலே; மக்களுக்கும் மக்களின் மக்களுக்கும் எடுத்துரைக்கச் சொல்லும் விடுதலைப் பயண நூலின் கட்டளையிலிருந்து அதற்குத் தலைப்பு அமைந்தது. இக்கட்டளையை நிறைவேற்ற அந்த அப்பத்தாவிடம் கதைகள் ஏராளம். பேரனுக்குப் புரியும் சொற்கள்தாம் அவரிடம் இல்லை.

விளையாட்டின் இறுதிப் பகுதியில் கவினே சமைக்க முற்படுகின்றான். தாயின் தமிழ்க் குறிப்புகள் அவனுக்கு அரைகுறையாகவே விளங்குகின்றன. நமது பேரன் அவ்விடத்தில் அப்பத்தாவை உதவிக்கு அழைக்கவில்லையாம். ஏன் என்று கேட்டோம். “கவினுக்கு யாரும் சொல்லவில்லையே” என்றான். சிறுவனின் அந்த நேர்மை நமக்குப் பிடித்திருந்தது.

பொழுது சாய்ந்து மாலைச் செபத்துக்கு விளக்கேற்றினார்கள். அவ்வீட்டில் பேரன் வந்த நாள்முதல் செபமாலையின்போது அவன் பேசாமல் அமர்ந்திருப்பதே வழக்கமாம். அன்று உள்ளே சென்று ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்து வந்தான். அப்பத்தா மங்கள வார்த்தை செபத்தை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல, அவன் ஆங்கில எழுத்துகளில் எழுதிக்கொண்டான். எழுத்துக்கூட்டல் நமக்கே விளங்காத வகையில் இருந்தது. அவனுக்கு விளங்கினால் போதும். இரண்டாம் சொல்லை எழுதுமுன் பென்சிலை நிறுத்தி, “அப்பத்தா, அருள் என்றால் என்ன?” என்று கேட்டான்.

அப்பத்தா நம்மைப் பார்த்தார். நாம் மறைக்கல்வி ஏட்டில் உள்ள விளக்கத்தை ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தோம். சிறுவன் முகத்தில் தெளிவு ஏற்படவில்லை. கல்லூரி இளைஞர் ஒரு சொல் சொன்னார். மருமகள் அது சரியன்று என்றார். இறுதியில் அப்பத்தாவே, “கேக்காமலே கிடைக்கிறது, ராசா” என்றார். மருமகள் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல, அவன் அச்சொல்லுக்கு மேலே சிறிய எழுத்தில் அதனை எழுதிக்கொண்டு, “அடுத்தது சொல்லுங்க” என்றான்.