விலையின்மைக்கு விலை தருபவர் யார்?

கொடையாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தல் ஆகாது என்பது நாட்டுப்புற வழக்கு. கொடுத்தவன் உள்ளம் நோகலாகாது என்னும் பண்பினின்று பிறந்த பழமொழி அது. ஆனால், இணைய உலகில் விலையின்றி வந்து வாயிலில் நிற்கும் மாடுகளுக்கு அப் பழமொழி பொருந்தாது. அம் மாட்டுக்குத் தீனி போடுபவர் யார், பாலைக் கறந்துகொண்டு போகின்றவர் யார் என்று கேட்டே ஆகல் வேண்டும்.

மடல் விடுத்தல், படங்களைச் சேர்த்து வைத்தல், நூல்களைத் தேடிப் படித்தல், கடல் கடந்த உறவினரோடு உரையாடல் ஆகிய அனைத்தும் இன்று பெரும்பாலும் காசின்றியே நடைபெறுகின்றன. தாம் காசு கொடாமையால், அப் பணிகளுக்குச் செலவே இல்லையென்று பயன்படுத்துவோர் எண்ணிக்கொள்கின்றனர். செலவு உண்டு. செய்திகளைத் தாங்கி நிற்கும் வழங்கிக் கணினிகள் இரவு பகல் ஓயாது மின்னாற்றலை உண்கின்றன. அவற்றைக் குளிர்வித்தல் வேண்டும். பழுதான உறுப்புகளை மாற்றல் வேண்டும். கள்ளர் புகாமற் காத்தல் வேண்டும். இவற்றைச் செய்வார்க்குச் சம்பளம் தருதல் வேண்டும். நூறு பேர் பயன்படுத்தும் வரையில் தொடங்கியவரின் மடிப்பொருளே போதும். நூறு நூறாயிரமாகப் பெருகியபின் அம் மடி தாங்காது. எந்த வளர்ச்சியைக் கண்டு அவர் மகிழ்ந்தாரோ அந்த வளர்ச்சியே அவர் கழுத்தை நெரிக்கும் கயிறாகி விடுகின்றது. அப்பொழுதுதான், இனியும் விலையின்றித் தருவதா, கட்டணம் வைப்பதா என்னும் வினா எழுகின்றது.

இவ் வினாவுக்கு இருவகை விடைகள் விரைந்து வரும். ஒரு முறை விலையின்றித் தந்ததற்குப் பின்னர் விலை கேட்பது ஏமாற்று என்பார் ஒரு சாரார். காசு கொடாதவனுக்குப் பணி எதற்கு என்பார் மற்றொரு சாரார். இரண்டும் பதறிய விடைகளே. இவ் வினாவை நேரில் எதிர்கொண்டார் செய்தவற்றைப் பார்த்தால் உண்மை விளங்கும்.

தமிழன்பர்கள் ‘புலனம்’ என்று பெயரிட்டழைக்கும் வாட்சாப் 2009ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தொடங்கியவர்கள், முன்னர் யாகூ நிறுவனத்தில் பணியாற்றிய யான் கூம், பிரையன் ஆக்டன் என்னும் இருவர். முதலாண்டு விலையின்றியும், அதன்பின் ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் அமெரிக்கத் தாலர் கட்டணத்திற்கும் அது தரப்பெற்று வந்தது. விளம்பரத்தை நுழையவிடுவதில்லை என்பது அவர்கள் கொள்கை. விளம்பரம் நுழையுமிடத்துப் பயன்படுத்துவோரே விற்பனைப் பண்டமாகி விடுகின்றனர் என்று 2012இல் வெளிப்படையாகவே எழுதினர். 2014ஆம் ஆண்டு பிப்பிரவரியில், ஏறத்தாழ 1,900 கோடித் தாலர் விலைக்கு அந் நிறுவனத்தை வாங்க முகநூல் நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. 2016ஆம் ஆண்டு சனவரியில், இனி எவரும் கட்டணம் செலுத்த வேண்டா என்னும் அறிவிப்பு வந்தது. உலகம் மகிழ்ந்தது. அதே ஆண்டு ஆகத்துத் திங்களில், பயன்படுத்துவோரின் தொலைப்பேசி எண் முதலியவை தாய் நிறுவனத்தோடு பகிரப்படும் என்னும் மற்றோர் அறிவிப்பு வந்தது. ஆக்டன் 2017இலும், கூம் 2018இலும் வெளியேறினர். 2025ஆம் ஆண்டு சூன் திங்களில், தனி உரையாடல்களுக்குள் இல்லையெனினும், அதன் மற்றொரு பகுதியில் விளம்பரங்கள் இடம்பெறும் என்று அறிவிக்கப்பெற்றது. ஒரு தாலர் போயிற்று, விளம்பரம் வந்தது. விலை ஒழியவில்லை, வெளிப்படையாக இருந்த விலை மறைவிலையாக மாறிற்று. அவ்வளவே.

எனினும், கட்டணத்தை நீக்குதற்கு அன்று கூறப்பெற்ற கரணியம் எண்ணிப் பார்க்கத் தக்கது. பயன்படுத்துவோருட் பலரிடம் வங்கியின் பற்று அட்டையோ கடன் அட்டையோ இல்லை. கட்டணம் கட்ட இயலாமையால் நண்பரோடும் குடும்பத்தாரோடும் தொடர்பு அறுந்துபோமோ என்று அவர்கள் அஞ்சினர் என்பது அக் கரணியம். இதனைப் பொய்யென்று ஒதுக்குதற்கில்லை. ஒரு தாலர் சிறு தொகையே. அதைக் கட்டுதற்குரிய வழிதான் எளியவர்க்கு அடைத்த கதவாக நின்றது. கட்டணத்தைப் பற்றிப் பேசுவோர் தொகையை மட்டும் எண்ணுகின்றனர். சிற்றூரில் உள்ள மாணவன் கையில் பத்து உருபா இருக்கலாம். அப் பத்து உருபாவைக் கடலுக்கப்பால் அனுப்பும் அட்டை அவன் கையில் இராது.

இதற்கு நேர் எதிரான வழியில் சென்றது அறிவியலார் நன்கறிந்த ஆர்க்கைவ் என்னும் கட்டுரைக் களஞ்சியம். 1991ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், அமெரிக்காவின் இலாசு அலமோசு ஆய்வகத்தில் இயற்பியலார் பால் கின்சுபார்கு அதனைத் தொடங்கினார். அச்சில் வருமுன்னரே ஆய்வுக் கட்டுரைகளை மின்னஞ்சல் வழியாக ஒருவர்க்கொருவர் பகிர்ந்துகொள்ளுதற்கு ஏற்பட்ட சிறு அமைப்பு அது. கட்டுரை அளிப்பவரிடமும் காசில்லை, படிப்பவரிடமும் காசில்லை. விலைமிக்க ஆய்விதழ்களை வாங்கவியலாத நாடுகளின் ஆய்வாளர், செல்வ நாட்டாரோடு ஒரே நாளில் ஒரே கட்டுரையைப் படிக்கும் நிலை அதனால் உண்டாயிற்று. 2001இல் அது கார்னெல் பல்கலைக்கழகத்திற்கு மாறியது. ஆண்டுகள் செல்லச்செல்லச் செலவு ஏறியது. 2010இல் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 4 இலக்கம் தாலர் ஆனபோது, ஒரு பல்கலைக்கழகத்தின் நூலகம் மட்டும் உலகத்தின் சுமையைத் தாங்குதல் முறையன்று என்னும் நிலை வந்தது.

அப்பொழுது அந் நூலகத்தார் படிப்பவர்மேல் கட்டணம் விதிக்கவில்லை. எந்தெந்தக் கல்வி நிறுவனங்கள் மிகுதியான கட்டுரைகளை எடுத்துக்கொள்கின்றன என்று கணக்குப் பார்த்தனர். மிகுதியாக எடுக்கும் 200 நிறுவனங்களிடம், ஆண்டுக்கு 4,000 தாலர் வரையில் விரும்பித் தருமாறு கேட்டனர். கொடாதவர்க்குக் கதவடைப்போம் என்னும் அச்சுறுத்தல் அவ் வேண்டுகோளில் இல்லை. பல நிறுவனங்கள் தந்தன. பின்னர்ச் சைமன்சு அறக்கட்டளையும் துணை நின்றது. 20 இலக்கத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளோடு அக் களஞ்சியம் இன்றும் எவர்க்கும் திறந்தே இருக்கின்றது. குளத்தில் கையளவு நீர் அள்ளுபவனை விட்டுவிட்டு, ஏற்றம் போட்டு இறைப்பவனிடம் பங்கு கேட்டது போன்ற செயல் இது.

மூன்றாவது, விக்கிப்பீடியா. 2001ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கிய இக் கலைக்களஞ்சியத்தின் செலவை முதலில் தாங்கியது போமிசு என்னும் வணிக நிறுவனம். 2002ஆம் ஆண்டு பிப்பிரவரியில், வருவாய்க்காக விளம்பரங்களை இடலாம் என்னும் பேச்சு எழுந்தவுடன், இசுபானிய மொழியில் எழுதிவந்த தொண்டர்கள் பலர் கொதித்தெழுந்தனர். தாம் கூலியின்றி எழுதியதைப் பிறர் விற்றுண்ண ஒருப்படோம் என்று பிரிந்து சென்று, செவில் பல்கலைக்கழகத்தின் துணையோடு தனிக் கலைக்களஞ்சியம் கண்டனர். இசுபானிய விக்கிப்பீடியா அதனாற் சில காலம் தளர்ந்து கிடந்தது. செலவைத் தாங்குபவர் ஒருவர். உள்ளீட்டை உழைத்துத் தருபவர் பலர். அப் பலரைக் கேளாமல் அவ் வொருவர் விலை வைத்தால், எஞ்சுவது வெறுங் கூடே என்னும் பாடத்தை அந் நிகழ்ச்சி கற்பித்தது. 2003ஆம் ஆண்டு சூன் திங்களில், ஊதிய நோக்கமற்ற விக்கிமீடியா அறக்கட்டளை நிறுவப்பெற்றது. அன்று தொட்டு விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை. படிப்பவர் விரும்பித் தரும் சிறு தொகைகளே பெரும்பங்கு செலவைத் தாங்கி வருகின்றன.

2021இல் அவ் வறக்கட்டளை மற்றொன்றும் செய்தது. விக்கிப்பீடியாவின் செய்திகளைப் பேரளவில் எடுத்துத் தம் வணிகத்தில் பயன்படுத்தும் பெருநிறுவனங்களுக்கு, விரைவும் உறுதியுமுள்ள தனி வழங்கல் ஒன்றைக் கட்டணத்திற்கு அளிக்க ஏற்பாடு செய்தது. கூகுள் நிறுவனம் 2022இல் அதன் கட்டணப் பயனாளராயிற்று. படிக்கும் மாணவனுக்கு ஒரு காசும் ஏறவில்லை.

அவ் வறக்கட்டளை குறையே அற்றது என்று கூறுதற்கில்லை. போதிய இருப்பு கையில் உள்ளபோதே, நாளையே விளக்கு அணைந்துவிடும் என்பது போன்ற வேண்டுகோள்களைப் படிப்பவர் கண்முன் நிறுத்துகின்றது என்று அதன் தொண்டர்களே குறை கூறினர். 2022இல் ஆங்கில விக்கிப்பீடியாவின் தொண்டர்கள் அத்தகைய சொற்களுக்கு ஒப்புதல் தர மறுத்தனர். கேட்பது இழிவன்று, இருப்பதை மறைத்துக் கேட்பதே இழிவு. அதனைத் தொண்டர்களே தடுத்து நிறுத்தியது பாராட்டுக்குரியது.

வேறொரு வகையும் உண்டு. கூகுள் நிறுவனம் 2015இல் படச் சேமிப்புப் பணி ஒன்றைத் தொடங்கி, அளவு சுருக்கிய படங்களை வரம்பின்றிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. மக்கள் தம் பிள்ளைகளின் பிறந்தநாளையும் பெற்றோரின் முகத்தையும் அங்கே கொண்டுபோய் அடுக்கினர். 2021ஆம் ஆண்டு சூன் முதல் நாளோடு அவ் வரம்பின்மை முடிந்தது. முன்னர்ச் சேர்த்தவை கணக்கில் சேரா. இனிச் சேர்ப்பவை அனைத்தும் கணக்கிற் சேரும். இடம் நிரம்பினால் திங்கள்தோறும் கட்டணம் என்றாயிற்று. ஏறத்தாழ ஆறு திங்களுக்கு முன்னரே அறிவித்தது முறையான செயலே. ஆயினும், விலையின்மையால் மக்களைக் கூட்டி, பிற சிறு நிறுவனங்கள் எதிர்நிற்க இயலாதவாறு செய்து, வேறிடம் செல்லுதல் அரிதான பின்னர் விலை சொல்லுதல் தொண்டு ஆகாது. அது தூண்டிலில் மாட்டிய புழு.

இவற்றால் விளங்குவது ஒன்று. கட்டணம் வைத்தல் குற்றமன்று. வையாமை அறமும் அன்று. யாரிடம், எதற்காக, எவ் வழியிற் பெறுவது என்பதிலேயே அறமும் அறமின்மையும் தங்கியுள்ளன. ஒருவர் தம் தனி நலத்துக்காகப் பெறும் பணிக்கு, வெளிப்படையான சிறு கட்டணம் மறைவிலையினும் நூறு மடங்கு நேர்மையுடையது. ஆனால் அதனைக் கட்டும் வழி எளியவர் கைக்கு எட்டுவதாக இருத்தல் வேண்டும். அறிவுக் களஞ்சியங்களிலோ, படிப்பவன் நுழையும் வாயிலில் உண்டியல் தொங்கலாம், பூட்டுத் தொங்கலாகாது. பேரளவில் எடுத்துப் பொருளீட்டுவாரிடம் கேட்டுப் பெறுதலே அங்கு முறை. பலர் உழைப்பால் வளர்ந்த பணிக்கு விலை வைக்குமுன் அப் பலரைக் கலத்தல் வேண்டும். விலை வைத்தே தீர வேண்டுமெனின், முன்னரே அறிவித்து, பயன்படுத்துவோர் தமக்குரியவற்றை எடுத்துச் செல்ல வழியும் விடல் வேண்டும். அனைத்துக்கும் மேலாக, வரவு செலவைத் தொடக்கத்திலிருந்தே ஊரறிய வைத்தல் வேண்டும். கணக்குக் காட்டியவர் கேட்கும்பொழுது எவரும் முகஞ் சுளியார்.

இவை தருவார்க்குரிய நெறிகள். பெறுவார்க்கும் ஒன்று உண்டு. தமிழ் மண்ணில் தண்ணீர்ப்பந்தல் புதிதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப்பந்தலுக்கு நிலம் விட்ட செய்திகள் காணப்படுகின்றன. வழிப்போக்கனிடம் காசு கேட்கவில்லை. ஆனால் தண்ணீர் தானே வந்து பானையில் நிறையும் என்றும் அம் முன்னோர் எண்ணவில்லை. பானைக்கும் ஆளுக்கும் உரிய விளைச்சலை ஒதுக்கி வைத்த பின்னரே பந்தல் இட்டனர். விலையின்மை அங்கே நிலத்தில் வேரூன்றி நின்றது.

இன்று தமிழ் நூல்களை எவர்க்கும் விலையின்றி வழங்கும் மதுரைத் திட்டம், 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கலியாணசுந்தரம் முயற்சியால் தொடங்கப்பெற்றது. தொண்டர்கள் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் பழந்தமிழ் நூல்களை ஒவ்வொன்றாக ஏற்றி வந்துள்ளனர். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அத்தகைய தொண்டர்களால் எழுதப்படுவதே. இவற்றைப் பயன்படுத்தாத தமிழாசிரியர் இன்று அரியர். இவற்றுக்கு ஒரு நாளேனும் உழைத்தவரோ அவரினும் அரியர். தனித்தமிழ் இதழ்கள் பல நின்றுபோனமைக்குப் பகைவர் மட்டும் பொறுப்பல்லர். பாராட்டு மடலைத் தவறாமல் விடுத்து, ஆண்டுக் கட்டணத்தை மட்டும் அடுத்த திங்களுக்குத் தள்ளிவைத்த அன்பர்களுக்கும் அதிற் பங்குண்டு. அதே பழக்கம் இணையத்திலும் தொடருமாயின், எஞ்சியிருப்பவை விளம்பரக்காரன் கொண்டுவந்து கட்டும் மாடுகளாகவே இருக்கும்.

பொருள் உடையவர் பொருள் தரலாம். இல்லாதவர் ஒரு நூலில் பத்துப் பக்கம் மெய்ப்புப் பார்க்கலாம். தம்மூர் வரலாற்றைப் பிழையின்றி ஒரு கட்டுரையாக எழுதிச் சேர்க்கலாம். பந்தலில் நீர் குடித்தவன் காசு தர வேண்டா. வெயில் தாழ்ந்தபின் ஒரு குடம் நீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போகலாம். அவ்வாறு ஊற்றுவார் உள்ள வரையில், விலை வைப்பதா வேண்டாவா என்னும் வினா எந்தப் பந்தலிலும் எழாது.