ஹீலர் இல்லாமல் ரெய்டு கிடையாது

"ராத்திரி பூரா போனை நோண்டிக்கிட்டுக் கெடக்குறானுங்க, இவனுங்க எங்க தோழர் அம்பேத்கரப் படிக்கப் போறானுங்க?" போன மாதம் ஒரு கூட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த 'இவனுங்க'ளில் ஒருவனாக மூன்று வருடம் இருந்தவன் நான். அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

கேமின் பெயர் வேண்டாம். ஆன்லைன் ரோல்பிளேயிங் வகை. பெயர், முகம், வேலை எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். அடிப்பவன் ஒருவன், அடியைத் தாங்குபவன் ஒருவன், அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுபவன் ஒருவன். நான் உயிர் ஏற்றுபவன், அதாவது ஹீலர். 25 பேர் சேர்ந்து ஒரு பெரிய அரக்கனை வீழ்த்தப் போவதற்கு ரெய்டு என்று பெயர். ஹீலர் இல்லாமல் ரெய்டு கிடையாது.

அப்போது கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்தேன். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவன். உதவித்தொகைப் பட்டியலைப் பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்.சி.' என்று போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அடுத்த வாரமே என் ரூம்மேட் "காத்து வரல மச்சி" என்று வேறு அறைக்குப் போய்விட்டான். ஃபேன் அவன் கட்டிலுக்கு நேர் மேலேதான் ஓடிக்கொண்டிருந்தது.

கேமுக்குள் ஊர் இல்லை, தெரு இல்லை, அப்பா என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வி இல்லை. இரவு 9 மணிக்கு நான் வராவிட்டால் 24 பேர் காத்திருப்பார்கள். எனக்காக அத்தனை பேர் அதற்கு முன் எங்கேயும் காத்திருந்ததில்லை. போதையை மட்டும் பேசிவிட்டு இதைப் பேசாமல் விட்டால் பாதியைத்தான் பேசுகிறோம்.

அதற்காக அது சமத்துவபுரமும் இல்லை. தினமும் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கும், ஒரு நாள் விட்டாலும் பின்தங்கிவிடுவோம். அரிய பொருள் முதல் முறையே கிடைக்கலாம், நூறாவது முறையும் கிடைக்காமல் போகலாம். லாட்டரிச் சீட்டு ஓடிய அதே கணக்கு. அந்தக் கேமுக்கு முடிவென்று ஒன்று கிடையாது, முடிந்துவிட்டால் கம்பெனிக்கு வருமானம் ஏது?

வகுப்பில் தூங்கினேன். 7 அரியர் விழுந்தது. பேருந்தில் ஹாரன் அடித்தால் யாருக்கோ உயிர் குறைகிறது என்று விரல் தானாகத் துடிக்கும். தேர்வுக் கட்டணத்துக்காக அம்மா மகளிர் குழுவில் 8,000 ரூபாய் கடன் வாங்கி, பஸ் ஏறி வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கையில் கொடுத்தார். "நல்லாப் படிய்யா." அதில் 3,000 அன்றிரவே கேமுக்குள் போனது. அம்மா அந்தக் கடனை வாரா வாரம் கட்டினார்.

கட்டுப்பாடு கையை விட்டுப் போவது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டு முன்னே வருவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸார்டர்' இப்படித்தான் விவரிக்கப்படுகிறது. மூன்றும் எனக்கு இருந்தன.

தடை போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். தென்கொரியாவின் சுவோன் நகரில் 2009 இல் ஒரு தம்பதி இணைய மையத்தில் உட்கார்ந்து, கேமில் ஒரு கற்பனைச் சிறுமியை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அவர்களுடைய மூன்று மாதக் குழந்தை பட்டினியால் செத்தது. 2011 இல் அந்த நாடு, 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் கேம் ஆடக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். பத்தாண்டு பார்த்துவிட்டு அரசே அதைக் கைவிட்டது.

என் கதைக்கு வருகிறேன். ஒரு ரெய்டில் ஒருவன் சொதப்பினான். வாய்ஸ் சாட்டில் ஒரு தமிழ்க் குரல் அவனை என் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியது. அவனுக்கு அது வெறும் கெட்ட வார்த்தை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, திட்டியவனுக்கு உயிர் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அன்றோடு விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. இன்னும் ஐந்து மாதம் ஆடினேன். பெயரை மறைத்தால்தான் மரியாதை கிடைக்கும் என்ற ஏற்பாட்டுக்கு நான் அவ்வளவு பழகியிருந்தேன்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது, வாசகர் வட்டம் நடத்தும் அக்கா ஒருவர் எனக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை. "காலனிப் புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித்தர ஆள் இல்லப்பா, ராத்திரி 7 லேர்ந்து 9 வரைக்கும் வர்றியா?" என்று மட்டும் கேட்டார். முதல் வாரம் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுக்கே வந்து நின்றான். "அண்ணா, எல்லாரும் ஒக்காந்திருக்கோம்."

அதற்குப் பிறகும் இரண்டு முறை கேமை இன்ஸ்டால் செய்தேன். தூக்கத்துக்காக மருத்துவரையும் பார்க்க வேண்டியிருந்தது, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே 'ஷட்' கிளினிக் இயங்குகிறது. ஆனால் எங்கள் காலனிப் பையன் எத்தனை பேர் பெங்களூருக்கு பஸ் ஏறுவார்கள்? பக்கத்தில் இருக்கும் படிப்பகத்துக்கு வருவார்கள், அங்கே அவர்களுக்கு ஒரு வேலை இருந்தால். நாற்காலி போட்டு உட்காரவைத்து இரண்டு மணிநேரம் பேசுவது வேலை ஆகாது, தோழர்.

இப்போது என்னிடம் படிக்கும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சாயங்காலமே கண் சொருகுகிறான். போன வாரம், "என்ன கேரக்டர்டா வச்சிருக்க?" என்று கேட்டேன். திடுக்கிட்டுப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "ஹீலர்ணா" என்றான். சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தரும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். இதுவரை மூன்று நாள் வந்திருக்கிறான்.