ஒரே குடும்பம்!

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, மேல்சித்தாமூர் பார்சுவநாதர் கோயில் தேரடியில் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் படித்த பிள்ளையாண்டான் ஒருவன் வந்து நமஸ்கரித்தான். பெங்களூரில் புதிதாகத் தோன்றிய ஒரு கம்பெனியில் இரண்டு வருஷமாக உத்தியோகம் பார்ப்பவன்.

“லீவா?” என்றேன்.

“லீவு மாதிரிதான், ஸார்” என்று தரையைப் பார்த்தான்.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. இரண்டு மாதமாகச் சம்பளம் கிடையாது. முதலாளிக்கு வயது முப்பதுக்குள். இரவு பன்னிரண்டு மணிக்கு டெலிபோனில் கூப்பிடுவார். எடுக்கத் தவறினால் மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் அர்ச்சனை. சம்பளத்தைப் பற்றிக் கேட்டாலோ, “நாமெல்லாம் ஒரே குடும்பம் அல்லவா?” என்பாராம். இப்போது, தானாகவே விலகுவதாக எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மகனின் படிப்புக்கு வாங்கிய பாங்குக் கடனைத் தகப்பனார் மல்லாட்டை விற்ற பணத்தில் அடைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு இந்தச் சங்கதி இன்னும் தெரியாது.

குடும்பமாம்! நம் வீடுகளில் குதிரில் எவ்வளவு நெல் இருக்கிறதென்பது மருமகளுக்கும் தெரியும், மாடு மேய்க்கும் பையனுக்கும் தெரியும். இந்தக் குடும்பங்களிலோ அது தலைவர் ஒருவருக்கே தெரிந்த பரம ரகசியம். சில சமயம் அவருக்கும் தெரிவதில்லை.

தேசமே பார்த்த உதாரணம் பைஜூஸ். பாடம் சொல்லிக்கொடுத்துப் பெயர் பெற்ற பைஜு ரவீந்திரன் 2011-இல் ஆரம்பித்த ஸ்தாபனம். நானும் அதே தொழிலில் இருப்பவனாகையால் முதலில் பெருமைப்பட்டேன். 2022-இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் அதன் பெயர். உலகக் கால்பந்துப் போட்டியிலும் அதன் விளம்பரம். அவ்வருஷம் அக்டோபரில், 2,500 பேரை வேலையிலிருந்து நீக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. நவம்பரில், கால்பந்து வீரர் மெஸ்ஸியைத் தூதராக நியமித்ததாக மற்றோர் அறிவிப்பு! திருவனந்தபுரத்து ஊழியர்கள், தங்களை ராஜிநாமா எழுதும்படி நெருக்குவதாகத் தொழிலாளர் மந்திரியிடம் முறையிட்டார்கள். கூடிச் சென்றதற்குப் பலன் இருந்தது. அந்தக் கிளையை மூடும் யோசனை கைவிடப்பட்டது.

கணக்கோ? 2021–22-ஆம் வருஷத்துக் கணக்கு 2024 ஜனவரியில்தான் தாக்கலாயிற்று. நஷ்டம் 8,000 கோடி ரூபாய்க்கு மேல். அதற்கு முன்பே, 2023 ஜூனில், தணிக்கையாளரான டிலாய்ட்டும் டைரக்டர்கள் மூவரும் விலகிவிட்டனர். எங்கள் ஊர்த் தேருக்கு வடம் பிடிக்க நூறு கைகள் வரும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்கள் நாலு பேர்தான். அவர்கள் போய்விட்டாலும் தேர் ஓடத்தான் செய்யும். யார் வீட்டுத் திண்ணையில் முட்டும் என்பதுதான் கேள்வி. 2024 தொடக்கத்தில் ஊழியர்களின் சம்பளம் தாமதமாயிற்று. ஜூலையில், கிரிக்கெட் வாரியத்துக்குத் தரவேண்டிய 158 கோடி ரூபாய்க்காகத் திவால் நடவடிக்கை தொடங்கியது.

பையனிடம் சொன்னேன்: “எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டப்படி, மாதச் சம்பளம் மறுமாதம் ஏழாந்தேதிக்குள் வர வேண்டும். நீ விலகினாலும் அவர்கள் விலக்கினாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களில் தீர்க்க வேண்டும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வை. பிராவிடண்டு பண்டுக்கென்று பிடித்த தொகையை உண்மையிலேயே கட்டியிருக்கிறார்களா, பார். பாதிக்கப்பட்ட மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு தொழிலாளர் அதிகாரியிடம் போ.”

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு, “முதலில் அப்பாவிடம் சொல்ல வேண்டும், ஸார். கூட வருகிறீர்களா?” என்றான்.

இருவரும் புறப்பட்டோம்.