பதினோரு பிள்ளைகள்

அலாஸ்காவின் மேற்கே, யூக்கான், குஸ்கோக்விம் ஆறுகளின் கழிமுகத்து ஊர்களுக்குச் சாலை கிடையாது. ஸ்பீச் தெரபிஸ்டான நான் பெத்தேலில் இருந்து சிறு விமானத்தில்தான் அந்த ஊர்ப் பள்ளிகளுக்குப் போகிறேன். ஏறுமுன் பெட்டியோடு நம்மையும் எடை போடுவார்கள். மூடுபனி இறங்கினால் திரும்ப இரண்டு மூன்று நாளாகும். இரவில் வகுப்பறைத் தரைதான் படுக்கை.

இதைக் கேட்ட சென்னை நண்பர் ஒருவர், "பத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு செலவா? விடுதியில் சேர்த்துவிடலாமே" என்றார்.

சேர்த்துத்தான் பார்த்தார்கள், தோழர். உள்ளூரில் உயர்நிலைப் பள்ளி இல்லாததால் பழங்குடிப் பிள்ளைகள் ஒரேகான் வரைக்கும் அனுப்பப்பட்டார்கள். அதன் வேர் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அலாஸ்காவின் பொதுப்பள்ளி வெள்ளைப் பிள்ளைகளுக்கும், 'நாகரிக வாழ்க்கை' வாழும் கலப்பினப் பிள்ளைகளுக்கும் மட்டுமே. மற்றவர்களுக்குத் தனிப் பள்ளி. யார் நாகரிகமானவர் என்பதை யார் தீர்மானித்தார்கள்? சேரிக்குத் தனிப் பள்ளி கண்ட நமக்கு இது புதிய கேள்வியல்ல.

எம்மோனாக் ஊர் மாணவி மோலி ஹூட்ச்சின் பெயரால் 1972இல் வழக்கு தொடுத்தார்கள். 126 ஊர்களுக்கு உயர்நிலைக் கல்வி தர 1976இல் மாநில அரசு உடன்பட்டது. போராடி வாங்கிய பள்ளிகள் இவை. யாருடைய கருணையும் இல்லை.

இப்போது மாணவர் எண்ணிக்கை பத்துக்குக் கீழே போனால் பள்ளிக்கு வரும் மாநில நிதி வெட்டப்படும். பிறகு அதை நடத்துவது கடினம். நான் போகும் ஓர் ஊரில் பதினோரு பேர் படிக்கிறார்கள். ஒரு குடும்பம் ஆங்கரேஜுக்குக் குடிபெயரப் போவதாகப் பேச்சு. அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள்.