அக்கா வளையலும் அண்ணா பல்கலையும்

1950-களின் நடுவில் ராமேஸ்வரத்தில் சில தங்க வளையல்களும் ஒரு சங்கிலியும் அடகுக்குப் போயின. அவை சோராவின் நகைகள். தம்பிக்குச் சென்னையில் இன்ஜினீயரிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டும். படகு வைத்திருந்த அப்பா ஜைனுலாப்தீனால் அவ்வளவு பணத்தை ஒரே நேரத்தில் புரட்ட முடியவில்லை. அக்கா நகையைக் கழற்றிக் கொடுத்தார். என் சம்பாத்தியத்தில் நானே இதை மீட்டுத் தருவேன் என்று மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார் தம்பி அப்துல் கலாம்.

இந்தக் கதை தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. பள்ளி ஆண்டு விழாக்களில் அக்கா, தம்பி பாசத்துக்கு உதாரணமாகச் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். பாசம் இருந்தது உண்மைதான். ஆனால், கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால், கலாம் வீட்டுக்கு அந்த இன்ஜினீயரிங் படிப்பு வைத்த செலவு ஆயிரம் ரூபாயோடு முடியவில்லை. பணத்துக்கு முன்பே இன்னொன்றும் போயிருந்தது. அது நேரம்.

ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படிப்பு முடிந்ததும் கலாம் 1950-ல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்குப் போனார். இன்டர்மீடியட் முடித்தார். அங்கேயே பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்து 1954-ல் பட்டமும் வாங்கினார். அதற்குப் பிறகுதான், தன் கனவுக்கு இயற்பியல் போதாது, இன்ஜினீயரிங் வேண்டும் என்று அவருக்கு உறைத்தது. இன்டர்மீடியட் முடித்த கையோடு இன்ஜினீயரிங் போயிருக்கலாம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பி.எஸ்ஸி. சேரும்போது வேறு படிப்பு இருக்கிறது என்ற விவரமே தனக்குத் தெரியாது என்று பிற்பாடு சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வகுப்பில் கெட்டிக்காரப் பையன். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் அவர் முன்னுக்கு வர வேண்டும் என்று விரும்பியவர்கள். ஆனாலும், இந்த ஒரு விவரத்தைச் சொல்ல ஆள் இல்லை.

இத்தனைக்கும் பாம்பன் பாலம் 1914-லேயே தீவுக்கு ரயிலைக் கொண்டுவந்துவிட்டது. உலகப் போர் நேரத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போக, ஓடும் வண்டியிலிருந்து வீசப்படும் பேப்பர் கட்டுகளைப் பொறுக்கியெடுத்து உறவினர் சம்சுதீனுக்கு உதவியவர் சிறுவன் கலாம். ஐரோப்பாவில் நடக்கிற போர்ச் செய்தி தினமும் தீவுக்கு வந்து சேர்ந்தது. இன்ஜினீயரிங் கல்லூரியில் எப்போது, எப்படிச் சேர்வது என்கிற செய்திதான் வரவில்லை.

அதே சென்னையில், கலாமுக்கு ஒரு தலைமுறை முன்பே கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் நடந்த ஒன்றை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். லலிதா என்ற பெண் 15 வயதில் கல்யாணமாகி, 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். 1940-ல், பையன்கள் மட்டுமே படித்துக்கொண்டிருந்த கிண்டியில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் சேர்ந்தார். நாட்டின் முதல் பெண் இன்ஜினீயர் என்று பேர் வாங்கினார். சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் எழுத வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு விதவைப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால், அவருக்கு ஒரு வசதி இருந்தது. அப்பா சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். யாரிடம் கேட்க வேண்டும், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது வீட்டுக்குள்ளேயே தெரிந்திருந்தது. சமுதாயமே குறுக்கே நின்றும் லலிதாவால் உள்ளே போக முடிந்தது. யாருமே குறுக்கே நிற்காத ராமேஸ்வரத்துப் பையன் சுற்றுவழியில் போனார்.

அந்தச் சுற்றுவழிக்கும் ஒரு கதவு திறந்திருந்தது என்பதுதான் அதிர்ஷ்டம். குரோம்பேட்டை எம்.ஐ.டி., அதாவது மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, அப்போது பி.எஸ்ஸி. முடித்தவர்களைத்தான் சேர்த்துக்கொண்டது. மூன்று வருடப் படிப்பு. விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்ட் என்று அன்று வேறெங்கும் எளிதில் கிடைக்காத பிரிவுகள் அங்கே இருந்தன. 1949-ல் அதைத் தொடங்கியவர் சி.ராஜம் என்ற தொழிலதிபர். சொந்த வீட்டை விற்று, 5 லட்சம் ரூபாய் கொடுத்துக் கல்லூரிக்கு வழி செய்தவர். வீட்டை விற்றவர் கட்டிய கல்லூரிக்கு, வளையலை அடகு வைத்தவரின் தம்பி வந்து சேர்ந்தார். கதாசிரியர் எழுதியிருந்தால் 'ரொம்பப் பொருத்தமாக இருக்கிறதே' என்று நம்ப மாட்டோம்.

கல்லூரியில் பழைய விமானங்கள் இரண்டை, பாகங்களைக் காட்டிப் பாடம் நடத்துவதற்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் கலாம் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். முதல் வருட முடிவில் பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது யோசிக்கவே இல்லை, ஏரோநாட்டிக்கல் என்றார். தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் நம் விமானத்தை நாமே செய்வதைப் பற்றி எழுதி முதல் பரிசு வாங்கினார். பரிசு கொடுத்தவர், 'துப்பறியும் சாம்பு'வை எழுதிய, அப்போதைய ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன்.

நகை விஷயம் மட்டும் அவர் மனதை விட்டுப் போகவில்லை. மாணவனாக இருந்துகொண்டு சம்பாதிக்க ஒரே வழி, நன்றாகப் படித்து ஸ்காலர்ஷிப் வாங்குவது. வாங்கினார். அதற்கும் ஒருநாள் ஆபத்து வந்தது.

நான்கு நண்பர்களோடு சேர்ந்து தாழ்வாகப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றை வடிவமைக்கும் புராஜெக்ட். ஏரோடைனமிக் டிசைன் கலாமின் பொறுப்பு. பேராசிரியர் சீனிவாசன் பார்த்தார், பிடிக்கவில்லை. கலாம் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். அன்று வெள்ளிக்கிழமை மதியம். திங்கள்கிழமை காலைக்குள் முடியவில்லை என்றால் ஸ்காலர்ஷிப் நிறுத்தப்படும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஸ்காலர்ஷிப் போனால் படிப்புக்கு வேறு வழியில்லை. கலாம் ராத்திரி சாப்பாட்டைத் தவிர்த்து வரைபலகையே கதியென்று கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை சீனிவாசன் அறைக்கு வந்து பார்த்துவிட்டு, முதுகில் தட்டிக் கட்டிக்கொண்டார்.

இதைக் கண்டிப்பான வாத்தியார், கடமை தவறாத மாணவன் என்று சொல்வது வழக்கம். அது சரி. ஆனால், பணம் இருக்கிற வீட்டுப் பையனுக்கு அந்த மிரட்டல் மார்க்கோடு முடிந்திருக்கும். கலாமுக்கு அது ஊர் திரும்பும் டிக்கெட்.

படிப்பை முடித்து, 1958-ல் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பப் பிரிவில் சேர்ந்தபோது அவருக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். அடகு வைத்த தொகை, நான்கு மாதச் சம்பளம்.

கிண்டி கல்லூரி, ஏ.சி. டெக், எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகியவற்றைச் சேர்த்து 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிதான் இவற்றில் மூத்தது. எம்.ஐ.டி. இப்போது பிளஸ் டூ முடித்தவர்களை நேரடியாகச் சேர்க்கிறது. பி.எஸ்ஸி. வழியே சுற்றி வரத் தேவையில்லை. நுழைவுத்தேர்வும் 2007-லிருந்து கிடையாது. கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்து 200-க்குக் கட்-ஆஃப். விண்ணப்பத்திலிருந்து கவுன்சலிங் வரை எல்லாம் ஆன்லைன். பாம்பனில் உட்கார்ந்துகொண்டே குரோம்பேட்டை இடத்துக்குப் போட்டி போடலாம்.

விவரம் தெரியாமல் தடுமாறுவது மட்டும் முழுதாகப் போய்விடவில்லை. 'பிள்ளைக்கு அண்ணா யுனிவர்சிட்டியில் இடம் கிடைச்சிருக்கு' என்று சந்தோஷமாகச் சொல்லும் பெற்றோரில் பலருக்கு, பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் கல்லூரிக்கும் அதோடு இணைக்கப்பட்ட தனியார் கல்லூரிக்கும் வித்தியாசம் தெரியாது. பட்டத்தில் இரண்டுக்கும் அண்ணா பல்கலைக்கழகம் என்றுதான் அச்சாகும். கட்டணம் வேறு, படிக்கிற சூழல் வேறு, வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனிகள் வேறு. கவுன்சலிங் பட்டியலில் கிண்டிக்கு எண் 1, ஏ.சி. டெக்குக்கு 2, எம்.ஐ.டி.க்கு 4. ராமநாதபுரத்திலேயே பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்றும் இருக்கிறது. விருப்பப் பட்டியலில் எந்த வரிசையில் கல்லூரிகளைப் போடுகிறோமோ, அந்த வரிசையில்தான் இடம் பார்ப்பார்கள். கட்-ஆஃப் வராது என்று பயந்து நல்ல கல்லூரியைப் பட்டியலிலேயே போடாமல் விடுவதில் ஒரு லாபமும் இல்லை. போடுவதற்குக் காசு கேட்பதும் இல்லை.

வலையும் இன்ஜினும் தொட்டுப் பழகிய பிள்ளைக்கு நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீன்வளப் பொறியியல் பி.டெக். இருக்கிறது. அதற்குத் தனி விண்ணப்பம். கடற்கரை ஊர்களிலேயே எத்தனை வீட்டுக்கு இது தெரியும்?

பணத்துக்கும் இப்போது வழிகள் உண்டு. 6-ம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் வந்த சட்டப்படி 7.5 சதவிகித இடஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. இதில் ஒரு வேடிக்கை. கலாம் படித்த ஸ்வார்ட்ஸ், மிஷன் பள்ளி. அதே பள்ளியில் இன்று அவரைப் போல ஒரு பையன் படித்தால் இந்த ஒதுக்கீட்டுக்குள் வர முடியாது. அவனுக்கு முதல் பட்டதாரி சலுகை, கல்வி உதவித்தொகை, வங்கிக் கடன் என்று வேறு கதவுகள்தான். 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்தோ நகையோ அடமானம் தேவையில்லை. ஆனால், பேங்க்கில் முதலில் கேட்பது சேர்க்கைக் கடிதத்தை. கடிதம் வருவதற்கு முன்பே கட்ட வேண்டிய பணமும் செய்ய வேண்டிய பயணமும் இருக்கிறதே!

இங்கேதான் இந்தக் கடற்கரைக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருக வேண்டும் என்பதற்கான தடை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாட்டுப் படகுக்குத் தடை கிடையாது. விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதில் கூலிக்குப் போகிற குடும்பங்களுக்கு அந்த இரண்டு மாதமும் வருமானம் இல்லை. படகு வைத்திருப்பவருக்கு மராமத்துச் செலவு வேறு.

பிளஸ் டூ ரிசல்ட் எப்போது வருகிறது? மே மாதம். இன்ஜினீயரிங் விண்ணப்பம்? மே, ஜூன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் என்று இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலைவது அதே வாரங்களில். வருடத்தில் வீட்டில் ஒரு ரூபாய்கூடப் புரளாத நேரம் எதுவோ, அதே நேரத்தில் சென்னைக்குப் போகப் பெட்டி, துணி, மெஸ்ஸுக்கு முன்பணம், லேப்டாப் என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன. கடலுக்குப் போன படகு இலங்கைக் கடற்படையிடம் மாட்டிக்கொண்ட வீடென்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே, வளையல் இன்னமும் அடகுக்குப் போகிறது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அன்று தம்பிக்காக அக்கா கழற்றினார். இன்று பல வீடுகளில் அம்மா கழற்றுவது மகளுக்காக. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப்பெண் திட்டத்தில் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால், அது கல்லூரியில் சேர்ந்த பிறகு. தட்டான் கடைக்காரருக்கும் அடகுக் கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை கேட்டால் இந்த சீஸன் எப்போது என்று நாள்காட்டி பார்க்காமலே சொல்வார்கள்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. டீசல் நிரப்பி, ஐஸ் ஏற்றி, ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் படகுகள் தயாராக நிற்கும். முதல் வாரத்து மீன்பாட்டில் இறால் எவ்வளவு விழுகிறது, கம்பெனிக்காரர்கள் கிலோவுக்கு என்ன விலை வைக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான், வளையல் ஆடிக்கு முன்னால் வீட்டுக்கு வருமா, தீபாவளி வரை வட்டி கட்ட வேண்டுமா என்பது தெரியும்.